கிணற்றில் டேப் விடுவது இன்னும் தேவையா? நீர்வளத் தரவைச் சேகரிப்பதும் பகிர்வதும்

பிப்ரவரி 3, மாலை (வாசகர் கேள்வி)

நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய ஆற்றுப்படுகையில் கிணற்று நீர்மட்டம், ஓடையின் ஓட்டம், மழை, நீரின் தரம் எல்லாவற்றையும் பதிவு செய்யலாம் என்று இருக்கிறோம். தொடங்கும் முன்பே எனக்குச் சந்தேகம். நிலத்தடி நீரை வானத்திலிருந்தே கணக்கிடும் செயற்கைக்கோள் இருக்கிறது. ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் செயற்கைக்கோளும் வந்துவிட்டது. இனி ஆள் வைத்துக் கிணறு கிணறாக டேப் விடுவது வீண் வேலைதானே? அப்படியே அளந்தாலும், எண்களை ஒரு எக்செல் கோப்பில் போட்டு இணையத்தில் ஏற்றிவிட்டால் பகிர்வு முடிந்தது. இதைப் பற்றி இவ்வளவு பேச என்ன இருக்கிறது?

பிப்ரவரி 3, இரவு

இரண்டு கேள்விக்கும் என் பதில் 'இல்லை'தான். முதலில் செயற்கைக்கோள்.

நீங்கள் சொல்வது கிரேஸ். 2002 மார்ச்சில் ஏவினார்கள். சுமார் 220 கி.மீ. இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பூமியைச் சுற்றிய இரட்டைக் கோள்கள். கீழே நிறை கூடினாலோ குறைந்தாலோ ஈர்ப்பு மாறும், இரண்டுக்கும் இடையிலான தூரமும் மாறும். அந்த மாற்றத்தை மைக்ரோமீட்டர் அளவில் பிடித்து, பூமியில் நீர் எங்கே சேர்ந்தது, எங்கே குறைந்தது என்று கணக்கிட்டார்கள். 2017-ல் அது ஓய்ந்தது. 2018 மே மாதம் அடுத்த ஜோடி போனது. ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதி 2002 ஆகஸ்டிலிருந்து 2008 அக்டோபருக்குள் 109 கன கி.மீ. நிலத்தடி நீரை இழந்தது என்று 2009-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இந்தத் தரவை வைத்துத்தான். எத்தனை கிணற்றுக் குழுக்கள் சேர்ந்தாலும் அப்படி ஒரு முழுப் படத்தை அவ்வளவு சீக்கிரம் தந்திருக்க முடியாது. எனக்கு அதில் மறுப்பே இல்லை.

ஆனால் கிரேஸ் நம்பகமாகப் பிரித்துப் பார்க்கக்கூடிய பரப்பு குறுக்கே 300, 400 கி.மீ. உங்கள் படுகை அதற்குள் ஒரு புள்ளி. இன்னொன்று, அது தருவது மொத்த நீர்: மண்ணின் ஈரம், ஏரி, ஆறு, பனி, நிலத்தடி எல்லாம் சேர்ந்த கணக்கு. மற்றதையெல்லாம் கணினி மாதிரிகள் மூலம் மதிப்பிட்டுக் கழித்தால்தான் நிலத்தடி நீர் மிஞ்சும். அப்படிக் கழித்து வந்தது சரியா என்று எதை வைத்துச் சோதிப்பது? டேப் விட்ட கிணறுகளை வைத்துத்தான்.

ஆற்றுக்கான ஸ்வாட் செயற்கைக்கோளை 2022 டிசம்பரில் ஏவினார்கள். நாசாவும் பிரான்ஸின் விண்வெளி அமைப்பும் சேர்ந்து செய்தது, அருமையான கருவி. அது குறிவைப்பது 100 மீட்டருக்கு மேல் அகலமான ஆறுகளையும் சுமார் 250 மீட்டருக்கு 250 மீட்டருக்குக் குறையாத ஏரிகளையும். சுற்றுப்பாதை 21 நாளுக்கு ஒருமுறை திரும்புகிறது. உங்கள் ஓடையில் வெள்ளம் வந்து வடிய அரை நாள் போதும்.

பிப்ரவரி 4

நேற்று ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். நீரின் தரம். கலங்கல், பாசி போன்றவை மேலிருந்து ஓரளவு தெரியும். நிலத்துக்குள் இருக்கும் நீரில் ஆர்செனிக் எவ்வளவு, ஃபுளோரைடு எவ்வளவு என்று மேலிருந்து எதுவும் தெரியாது.

பங்களாதேஷைப் பாருங்கள். அந்நாட்டின் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகமும் சேர்ந்து 61 மாவட்டங்களில் 3,534 கிணறுகளில் மாதிரி எடுத்தன. 2001-ல் அறிக்கை வந்தது. 150 மீட்டருக்கு உட்பட்ட குழாய்க் கிணறுகளில் 27 சதவீதம், லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஆர்செனிக் என்ற அந்நாட்டு வரம்பைத் தாண்டியிருந்தன. உலகச் சுகாதார அமைப்பின் 10 மைக்ரோகிராமை வைத்துப் பார்த்தால் 46 சதவீதம். அருகருகே உள்ள இரண்டு கிணறுகளில் ஒன்று நஞ்சு, ஒன்று குடிக்கத் தக்கது என்ற நிலை அங்கே சாதாரணம். சராசரியை வைத்து யாருக்கும் குடிநீர் கொடுக்க முடியாது, கிணறு கிணறாகத்தான் போக வேண்டும்.

அந்தக் குழு அறிக்கையோடு நிற்காமல் ஒவ்வொரு கிணற்றின் அளவையும் தரவாகவே வெளியிட்டது. அதற்குப் பிறகு உலகெங்கும் எத்தனையோ ஆய்வாளர்கள் அதை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 6

இப்போது எக்செல் கேள்வி. இது எனக்கு நெருக்கமான விஷயம், கொஞ்சம் நீளும்.

என் வேலையில் பெரும்பகுதி மற்றவர்கள் அளந்ததைச் சரிபார்ப்பது. ஒரு கிணற்றின் தொடரில் ஒரே மாதத்தில் நீர்மட்டம் 60 செ.மீ. இறங்கியிருந்தது. மழை குறையவில்லை. பக்கத்துக் கிணறுகள் அசையவில்லை. அந்த மாதத்துக்குப் பிறகு முழுத் தொடருமே அதே 60 செ.மீ. கீழேயே ஓடியது. நிலத்தடி நீர் குறைகிறது என்று அந்தக் கிணற்றைக் காட்டி ஒரு அறிக்கையும் தயாராகிக் கொண்டிருந்தது. நேரில் போய்ப் பார்த்தால், கிணற்றின் கைப்பிடிச் சுவரை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். அளப்பவர் எப்போதும்போல் சுவரின் மேல்விளிம்பிலிருந்து டேப் விட்டிருக்கிறார். அவர் மேல் ஒரு தவறும் இல்லை. சுவர் உயர்ந்தது அவருக்குத் தெரியும், கேட்டவுடன் சொன்னார். அதை எழுத அவரிடம் இருந்த படிவத்தில் இடம்தான் இல்லை.

ஆகவே ஒவ்வொரு கிணற்றுக்கும் எங்கிருந்து அளக்கிறோம் என்ற புள்ளி, அது தரையிலிருந்து எவ்வளவு உயரம், எந்தத் தேதியிலிருந்து அந்தப் புள்ளி, எல்லாம் தரவோடு சேர்ந்தே போக வேண்டும். புள்ளியைப் பெயின்ட்டால் குறித்துவிட்டு ஒரு படமும் எடுத்து வையுங்கள். தரை உயரம் கடல்மட்டத்தோடு இணைக்கப்பட்டிருந்தால் எந்த ஆதாரத்தளம், அதாவது எதைப் பூஜ்யமாக வைத்து உயரத்தை எண்ணுகிறோம் என்பதும் வேண்டும். அமெரிக்காவில் 1929-ன் ஆதாரத்தளம் ஒன்று, 1988-ன் ஆதாரத்தளம் ஒன்று. இரண்டுக்கும் சில இடங்களில் ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம். கிணறு ஆழமானதா, எந்த நீர்த்தாங்கிப் பாறையிலிருந்து நீர் வருகிறது, அளக்கும்போது மோட்டார் ஓடியதா, ஓடி எவ்வளவு நேரம் ஆகிறது, இவை இல்லாத நீர்மட்டத்தை வைத்து நான் எந்த முடிவும் சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 6, சற்று நேரம் கழித்து

மோட்டார் பற்றிச் சொன்னதும் நினைவு வந்தது. பழைய பதிவேடு ஒன்றின் ஓரத்தில் பென்சிலில் குட்டிக் குட்டியாக எழுதியிருக்கும்: "மோட்டார் இப்போதுதான் நிறுத்தினார்கள்", "பக்கத்து போர்வெல் ஓடுகிறது", "தூர் வாரினார்கள்". அதைக் கணினியில் ஏற்றியவர்கள் எண்களை மட்டும் ஏற்றிவிட்டுப் பதிவேட்டைக் கட்டி வைத்துவிட்டார்கள். ஏன் இந்த மாதம் இப்படிக் குதிக்கிறது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்ட இடங்களுக்கெல்லாம் விடை அந்தப் பென்சில் எழுத்தில் இருந்தது. கோப்பில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி (நெடுவரிசை) கட்டாயம் வையுங்கள். காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லை.

பிப்ரவரி 9

"ஓடைக்கு என்ன செய்வது, அளவுகோல் நட்டால் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அளவுகோல் நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்றுதான் சொல்லும். எவ்வளவு ஓடுகிறது என்று சொல்லாது. அதற்கு வெவ்வேறு நீர்மட்டங்களில் நேரடியாக ஓட்டத்தை அளந்து, மட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையே ஒரு வளைகோடு வரைய வேண்டும். குறுக்குவெட்டைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஆழமும் வேகமும் எடுப்பார்கள். ஆழம் குறைவாக இருந்தால் மேல்பரப்பிலிருந்து 0.6 பங்கு ஆழத்தில் ஒரு வேகம். ஆழம் அதிகமானால் 0.2-லும் 0.8-லும் எடுத்துச் சராசரி. எந்த ஒரு துண்டிலும் மொத்த ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வராதபடி பிரிப்பது நல்லது.

சிக்கல் என்னவென்றால் அந்த வளைகோடு நிலையானது இல்லை. ஒரு பெருவெள்ளம் மணலை அரித்துப் போனால், அல்லது கொண்டுவந்து கொட்டினால், அதே ஒரு மீட்டர் மட்டத்துக்கு ஓட்டம் வேறாகிவிடும். வெள்ளத்துக்குப் பிறகு மறுபடி அளக்க வேண்டும். பெருவெள்ளத்தின் போதே இறங்கி அளக்க யாராலும் முடியாது. ஆகவே வளைகோட்டின் மேல்முனை பெரும்பாலும் நீட்டிப் போட்ட கோடுதான். வெள்ள எண்களைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது, இதில் எதுவரை அளந்தார்கள், எங்கிருந்து நீட்டினார்கள் என்பதை.

எனவே நீங்கள் ஓட்டத்தை மட்டும் வெளியிடாதீர்கள். நீர்மட்டம், நேரடியாக அளந்த ஓட்டங்கள், வளைகோடு, அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, நான்கையும் போடுங்கள். இருபது வருடம் கழித்து வேறு ஒருவர் வளைகோட்டைத் திருத்தினால் பழைய ஓட்டத்தையெல்லாம் மறுபடி கணக்கிட்டுக்கொள்ளலாம். ஓட்டம் மட்டும் கையில் இருந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

பிப்ரவரி 10

அலகுகள். சுருக்கமாக, ஆனால் தயவுசெய்து கவனியுங்கள்.

நைட்ரேட்டை இரண்டு விதமாக எழுதுகிறார்கள். சிலர் நைட்ரேட்டாகவே, சிலர் அதிலுள்ள நைட்ரஜனாக. இரண்டுக்கும் 4.43 மடங்கு வித்தியாசம். உலகச் சுகாதார அமைப்பின் 50 மி.கி./லி. என்பது நைட்ரேட்டாக. அமெரிக்காவின் 10 மி.கி./லி. என்பது நைட்ரஜனாக. அதாவது இரண்டும் ஏறத்தாழ ஒன்றேதான். ஆனால் பத்தித் தலைப்பில் வெறுமனே 'நைட்ரேட், மி.கி./லி.' என்று இருந்தால் 12 என்ற எண் பாதுகாப்பானதா, வரம்பு மீறியதா? சொல்லவே முடியாது.

நீரில் கரைந்த உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறன் வெப்பநிலையோடு ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் மாறும். 25 டிகிரிக்குச் சரிசெய்ததா, அளந்தபடியே எழுதியதா என்று குறிக்க வேண்டும். கருவியால் கண்டுபிடிக்க முடியாத அளவு குறைவாக இருந்தால் பூஜ்யம் எழுதக் கூடாது. 'கண்டறியும் எல்லைக்குக் கீழ்' என்று எழுதி, அந்த எல்லை எவ்வளவு என்றும் எழுத வேண்டும்.

பிப்ரவரி 13

நேற்றைய உங்கள் மறுப்பை அப்படியே போடுகிறேன்: "இவ்வளவும் பார்த்துக்கொண்டிருந்தால் எதையும் எப்போதும் வெளியிட முடியாது. நீங்களே எங்களைப் பயமுறுத்துகிறீர்கள்."

நியாயமான கோபம். இந்தப் பயத்தினால்தான் உலகில் எத்தனையோ நல்ல பதிவேடுகள் அலமாரியில் உறங்குகின்றன. இன்னும் சரிபார்க்கவில்லை, யாராவது குறை சொல்வார்கள், ஆய்வுக் கட்டுரை வந்த பிறகு தரலாம் என்று தள்ளிப்போட்டே அளந்தவர் ஓய்வுபெற்றுவிடுகிறார். அவரோடு கிணற்றைப் பற்றிய எல்லா விவரமும் போய்விடுகிறது.

அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் செய்வது எனக்குப் பிடித்த வழி. 1889-ல் நியூ மெக்சிகோவில் ரியோ கிராண்டே ஆற்றின் எம்புடோவில் அவர்களுடைய முதல் ஓட்ட அளவு நிலையம் தொடங்கியது. இன்று ஆயிரக்கணக்கான நிலையங்கள். அளவுகள் உடனுக்குடன் எல்லோருக்கும் தெரியும்படி வந்துவிடும், ஆனால் 'தற்காலிகமானது, திருத்தத்துக்கு உட்பட்டது' என்ற முத்திரையோடு. பின்பு சரிபார்த்ததும் 'ஒப்புதல் பெற்றது' என்று மாறும். படகோட்டியும் அணைப் பொறியாளரும் இன்றைய எண்ணை இன்றே பயன்படுத்துகிறார்கள். ஆய்வாளர் ஒப்புதல் பெற்றதற்குக் காத்திருக்கிறார்.

நீங்களும் ஒரு பத்தி சேர்த்தால் போதும்: 'சரிபார்த்தது / சரிபார்க்காதது / சந்தேகத்துக்குரியது'. சந்தேகத்துக்குரியதை அழிக்காதீர்கள். குறிப்பிட்டு விடுங்கள். உங்களுக்கு விநோதமாகத் தெரியும் எண்ணே இன்னொருவர் தேடும் எண்ணாக இருக்கலாம்.

பிப்ரவரி 14

இந்த இழையிலேயே எனக்கு முக்கியமான குறிப்பு இதுதான். வறண்ட கிணறு.

கிணறு வற்றிவிட்டால் பதிவேட்டில் என்ன எழுதுவது? சிலர் கோடு போடுகிறார்கள். சிலர் காலியாக விடுகிறார்கள். சிலர் 0 எழுதுகிறார்கள். தரையிலிருந்து எவ்வளவு ஆழத்தில் நீர் என்று எழுதும் பத்தியில் 0 என்றால் கிணறு தரைவரை ததும்பி நிற்கிறது என்று பொருள்! வற்றிய கிணறு கணினியில் நிறைகிணறாகிவிடுகிறது. இப்படி ஏறிய கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

காலியாக விடுவது அதைவிட ஆபத்து, ஏனென்றால் அது கண்ணில் படாது. தென்னிந்தியாவில் கண்காணிப்புக் கிணறுகளின் தரவு சில ஆண்டுகளாக நீர்மட்டம் உயர்வதாகக் காட்டியது. ஆனால் வயலில் கிணறுகள் வற்றிக்கொண்டும் ஆழமாகிக்கொண்டும் இருந்தன. இந்த முரண்பாட்டை எடுத்துக்கொண்ட ஆய்வு ஒன்று 2019-ல் ஜியோபிசிகல் ரிசர்ச் லெட்டர்ஸ் இதழில் வந்தது. தொடர்ச்சியாகத் தரவு இருக்கும் கிணறுகளை மட்டும் எடுத்து, விடுபட்ட மாதங்கள் உள்ளவற்றைத் தள்ளிவிடுவது வழக்கம். தரவு விடுபடுவதே கிணறு வற்றும்போதுதான். ஆக, வற்றிய கிணறுகள் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகின்றன, தாக்குப்பிடித்தவை மட்டும் நின்று 'நிலைமை பரவாயில்லை' என்று சாட்சி சொல்கின்றன.

சுத்தமான தரவு வேண்டும் என்ற நல்ல எண்ணமே இங்கே உண்மையை மறைத்தது. இதைப் படித்த நாளிலிருந்து காலிக் கட்டத்தைக் கண்டால் எனக்கு நிம்மதி இல்லை. ஏன் காலி? ஆள் போகவில்லையா, கிணற்றுக்கு வழி அடைத்திருந்ததா, டேப் அறுந்ததா, நீரே இல்லையா? நான்கும் வேறு வேறு செய்தி. 'வறண்டது, கிணற்றின் அடி 18.4 மீட்டர்' என்று எழுதினால் நீர்மட்டம் 18.4 மீட்டருக்கும் கீழே என்ற உறுதியான தகவல் கிடைக்கிறது. அது ஒரு அளவீடுதான். விடுபட்ட அளவீடு என்று அதைச் சொல்லக் கூடாது.

பிப்ரவரி 15

மழைக்கும் இதேதான். கொலராடோவில் 1997-ல் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு, 1998-ல் பொதுமக்கள் வீட்டிலேயே மழைமானி வைத்துத் தினமும் பதிவு செய்யும் கோகோராஸ் என்ற வலையமைப்பு தொடங்கியது. மழை பெய்யாத நாளில் பூஜ்யத்தைப் பதிவு செய்யுங்கள் என்று அவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பெய்யவில்லை என்பதும் பார்க்கவில்லை என்பதும் வேறு.

காலை 8 மணிக்குப் பார்த்த மழையை இன்றைய தேதியில் எழுதுவீர்களா, நேற்றைய தேதியிலா? பெரும்பகுதி நேற்றுப் பெய்ததுதான். எப்படி எழுதினாலும் சரி, அந்த வழக்கத்தைக் கோப்பின் தலையில் எழுதிவிடுங்கள். இரண்டு குழுக்களின் மழையைச் சேர்த்தபோது வெள்ளம் மழைக்கு முந்திய நாளே வந்ததாகக் கணக்கு காட்டியதை நான் கண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 19

"தானியங்கிக் கருவி போட்டுவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இருக்காதே?"

கொஞ்சம் குறையும். புதிதாகக் கொஞ்சம் சேரும். கிணற்றுக்குள் தொங்கவிடும் பதிவுக் கருவிகளில் பலவும் மேலே உள்ள நீரின் அழுத்தத்தோடு காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே அளக்கும். ஒரு ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு செ.மீ. நீருக்குச் சமம். புயல் சின்னம் கடக்கும்போது 20 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால், சரிசெய்யாத கோப்பில் நீர்மட்டம் 20 செ.மீ. குறைந்ததாகத் தெரியும், வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது. அருகில் ஒரு காற்றழுத்தக் கருவியும் வைத்து அந்தத் தொடரையும் வெளியிட வேண்டும். கருவி மெல்ல விலகும், கம்பி நழுவும். அதைப் பிடிக்க அவ்வப்போது போய் டேப் விட்டு ஒப்பிடத்தான் வேண்டும்.

கருவி போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இரவில் நீர்மட்டம் மீள்வதையும் ஒரு மழைக்குக் கிணறு எத்தனை மணி நேரத்தில் அசைகிறது என்பதையும் மாதம் ஒருமுறை போகும் ஆளால் பார்க்கவே முடியாது.

பிப்ரவரி 22

புதிதாக வந்த ஒருவர் நாடுகளுக்கு இடையிலான பகிர்வைப் பற்றிக் கேட்டார்.

உலக வானிலை அமைப்பு 1995-ல் தீர்மானம் 40 மூலம் வானிலைத் தரவுப் பரிமாற்றத்துக்கும், 1999-ல் தீர்மானம் 25 மூலம் நீரியல் தரவுப் பரிமாற்றத்துக்கும் கொள்கை வகுத்தது. 2021-ல் எல்லாவற்றையும் ஒரே தரவுக் கொள்கைக்குள் கொண்டுவந்தது. அதன் ஆதரவில் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் 1988 முதல் உலக ஓட்டத் தரவு மையம் இயங்குகிறது. 10,000-க்கும் மேற்பட்ட நிலையங்களின் ஆற்றோட்டம் அங்கே இருக்கிறது. ஆனால் அந்தந்த நாடு கொடுத்தால்தான் உண்டு. பல நிலையங்களின் தொடர் பல ஆண்டுகளுக்கு முன்பே நின்றுபோயிருக்கிறது. அங்கே அளவீடு நின்றதா, அனுப்புவது நின்றதா என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

மேகாங்கைப் பாருங்கள். மேலே சீனா, கீழே கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் சேர்ந்த மேகாங் ஆற்று ஆணையம். 2002 முதல் சீனா வெள்ளப் பருவத்தில் மட்டும் ஜிங்ஹொங், மான்ஆன் ஆகிய இரண்டு நிலையங்களின் தரவைத் தந்தது. ஆண்டு முழுவதும் தர 2020 அக்டோபரில்தான் உடன்பாடு ஆனது. வறட்சி மாதங்களில் மேலே எவ்வளவு நீர் விடுகிறார்கள் என்பது கீழே மீன்பிடிப்பவருக்கும் நெல் பயிரிடுபவருக்கும் வெள்ளத் தகவல் அளவுக்கே முக்கியம். அதற்கு 18 வருடம் ஆகியிருக்கிறது. அது வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. இரண்டு நிலையம் போதாது என்பதும் என் கருத்து.

பிப்ரவரி 26

13-ஆம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். 'தள்ளிப்போடாமல் வெளியிடுங்கள்' என்பதில் மாற்றமில்லை. ஆனால் எல்லாவற்றையும் அப்படியே என்பதில் இப்போது கொஞ்சம் யோசனை வருகிறது.

கிணறு தனியாருடையது. துல்லியமான இடத்தோடு 'இந்தக் கிணற்றில் ஃபுளோரைடு அதிகம்', 'இந்தக் கிணற்றில் கோடையிலும் நீர் நிறைய' என்று ஊரறியப் போட்டால் அந்த வீட்டுக்காரருக்கு என்ன ஆகும்? நிலத்தின் மதிப்பு, அக்கம்பக்கத்துச் சண்டை, வெளியிலிருந்து நீர் எடுக்க வருபவர்கள். அளக்க அனுமதி கொடுத்தவர் அதற்கும் அனுமதி கொடுத்தாரா? முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். அவர் தயங்கினால் வெளியே போகும் கோப்பில் இடத்தைச் சற்று மங்கலாக்கிக் கொடுக்கலாம். மங்கலாக்கியிருக்கிறது, எவ்வளவு தூரம் என்று சொல்லிவிட வேண்டும். துல்லியமான இடம் தனியாகப் பாதுகாப்பில் இருக்கட்டும். ஆனால் குடிக்கிறவருக்கு ஆபத்தான எண் வந்தால் அவருக்கு உடனே, நேரில், புரியும்படி சொல்ல வேண்டும். கோப்பில் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடக் கூடாது.

பிப்ரவரி 27

நேரில் சொல்வது பற்றி இன்னும் கொஞ்சம். நாம் பகிர்வு என்றதும் இணையத்தையும் ஆய்வாளரையும் நினைக்கிறோம். அளக்க இடம் கொடுத்தவருக்கும் அளந்தவருக்கும் முதலில் போய்ச் சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அன்றைய ஒன்றுபட்ட ஆந்திராவின் வறட்சி மாவட்டங்கள் ஏழில், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஆதரவோடு 2003 முதல் நடந்த நிலத்தடி நீர் திட்டத்தில் உழவர்களே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்தார்கள். அந்த எண்களைச் சுவரில் எழுதினார்கள். பருவத்தின் தொடக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்து, இருக்கும் நீர் எவ்வளவு, போட நினைக்கும் பயிருக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்த்தார்கள். எந்தப் பயிர் என்று யாரும் கட்டளை இடவில்லை. கணக்கைப் பார்த்து அவரவர் முடிவெடுத்தார்கள்.

என் அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. மாதத்துக்கு ஒரு எண் என்று எழுதிவந்த பதிவாளர் ஒருவரிடம், அவர் கிணற்றின் சில வருட வரைபடத்தை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வெகுநேரம் பார்த்தார். இந்த இறக்கம் ஏன், அந்த ஏற்றம் எந்த மழைக்கு என்று அவரே விளக்க ஆரம்பித்தார். தான் எழுதுவதை யாரோ படிக்கிறார்கள் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவருடைய எண்கள் செ.மீ. வரை துல்லியமாக வந்தன.

மார்ச் 2

பழைய பதிவேடுகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு: முதலில் படம் எடுங்கள். ஓரக் குறிப்பும் அட்டையும் உட்பட ஒவ்வொரு பக்கமும். தட்டச்சு பிறகு. படம் கையில் இருந்தால் தட்டச்சுப் பிழையை எப்போதும் திருத்தலாம்.

பழைய எண்ணுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு நைலைச் சொல்வேன். கெய்ரோவின் ரோடா தீவில் ஆற்றின் மட்டத்தை அளக்கும் தூண் இருக்கிறது. இப்போதுள்ள கட்டுமானம் 861-ஆம் ஆண்டினது. 622 முதல் 1284 வரை நைலின் ஆண்டுக் குறைந்தபட்ச நீர்மட்டம் தொடராகக் கிடைக்கிறது. நைலின் மட்டத்தைப் பார்த்து அந்த ஆண்டின் வரியைக் கணித்தார்கள். எகிப்தில் பணியாற்றிய நீரியலாளர் ஹெரால்டு எட்வின் ஹர்ஸ்ட், நைலில் எவ்வளவு பெரிய நீர்த்தேக்கம் வேண்டும் என்று கணக்கிடப் புகுந்து, இந்தப் பழைய அளவுகளையும் எடுத்து ஆராய்ந்தார். நல்ல ஆண்டுகள் சேர்ந்து வருகின்றன, வறண்ட ஆண்டுகளும் சேர்ந்து வருகின்றன, ஒவ்வொரு ஆண்டும் தனித்தனியாகப் போட்ட சீட்டு மாதிரி இல்லை என்று 1951-ல் எழுதினார். நீர்த்தேக்கக் கணக்கையே மாற்றிய கண்டுபிடிப்பு. பத்து வருடத் தரவு மட்டும் கையில் இருந்திருந்தால் அவருக்கு அது தெரிந்திருக்காது.

மார்ச் 5

கோப்பு வடிவம், ஒரே மூச்சில்: சாதாரண சிஎஸ்வி (எண்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் எளிய உரைக் கோப்பு) போதும். வண்ணம் பூசிய கட்டங்களில் பொருளை ஒளித்து வைக்காதீர்கள், சிஎஸ்வி ஆக்கினால் வண்ணம் போய்விடும். ஆண்டு முதலில் வரும்படி தேதி எழுதுங்கள், இல்லையென்றால் 3-4 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று சண்டை வரும். நேரம் எந்த நேர மண்டலம் என்று குறியுங்கள். நீர்த் தரவுக்கென்றே 2012-ல் வந்த வாட்டர்எம்எல் 2.0 என்ற தரம் இருக்கிறது, பெரிய அமைப்புகளோடு இணையும்போது உதவும். இப்போதே தேவையில்லை. யார் பயன்படுத்தலாம், எப்படிப் பெயர் குறிப்பிட வேண்டும் என்ற உரிமக் குறிப்பு இல்லாத கோப்பை, கவனமான ஆய்வாளர் தொடத் தயங்குவார். ஒரு வரி எழுதிவிடுங்கள். திருத்தினால் பழைய பதிப்பை அழிக்காமல் பதிப்பு எண் போட்டுப் புதிதாக ஏற்றுங்கள்.

மார்ச் 11

உங்கள் முதல் மாதக் கோப்பைப் பார்த்தேன். அளவீட்டுப் புள்ளிகளின் படங்கள் அருமை. குறிப்புப் பத்தியில் 'நாய் விரட்டியது, மாலையில் மறுபடி போனோம்' என்று எழுதியிருந்ததைக்கூட விட்டுவிடாதீர்கள். காலையில் எடுக்க வேண்டிய அளவு ஏன் மாலையில் எடுக்கப்பட்டது என்று அதுதான் சொல்கிறது.

ஏழாவது கிணறு காலியாக இருக்கிறது, காரணம் இல்லை. 'சரிபார்த்தது' என்று எல்லா வரிகளுக்கும் போட்டிருக்கிறீர்கள். யார் சரிபார்த்தார், எதோடு ஒப்பிட்டு? இரண்டாவது ஆள் ஒருவர் சில கிணறுகளிலாவது அதே நாளில் திரும்ப டேப் விட்டுப் பார்த்தால் அந்தச் சொல்லைப் போடலாம். அதுவரை 'சரிபார்க்காதது' என்றே இருக்கட்டும். ஓடையில் இதுவரை குறைந்த மட்டத்தில் மட்டும்தான் ஓட்டம் அளந்திருக்கிறீர்கள். அடுத்த நல்ல மழையன்று, பாலத்தின் மேலிருந்து பாதுகாப்பாக எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் வேண்டாம். நீர் வடிந்த பிறகு கரையில் வெள்ளம் தொட்ட அடையாளத்தை மட்டம் பார்த்துக் குறித்துக்கொண்டாலும் அது தரவுதான்.

ஏழாவது கிணற்றின் விவரம் தெரிந்ததும் இங்கேயே எழுதுங்கள்.

மார்ச் 12 (வாசகர்)

ஏழாவது வறண்டிருந்தது. அடி 21.3 மீட்டர். கோப்பைத் திருத்திப் பதிப்பு 2 ஏற்றியிருக்கிறேன்.

மார்ச் 12

பார்த்தேன். அதற்குப் பக்கத்தில் உள்ள ஐந்தாவதும் எட்டாவதும் எவ்வளவு ஆழம்? அவை ஏழாவதைவிட ஆழம் குறைவானவையாக இருந்தும் நீர் நிற்கிறது என்றால் வேறு நீர்த்தாங்கியாக இருக்க வாய்ப்பு உண்டு. கிணறு தோண்டியபோது எந்த ஆழத்தில் எந்தப் பாறை வந்தது என்று உரிமையாளர்களுக்கு நினைவிருந்தால் அதையும் கேட்டு எழுதிவிடுங்கள்.